மூன்று பூட்டுக்கு ஒரு திறப்பு

பூட்டுக்கார அலவி நானா மோட்டார் சைக்கிளின் ஹெட்லைற்றுக்குப் பக்கத்திலிருந்த பூட்டைக் கழற்றி, அதன் உள்ளுருளையை நோகாமல் வெளியே இழுத்த நேரம் பார்த்துக் கௌரியின் கைத்தொலைபேசி அடித்தது. திரையில் ‘அப்பா’ என்று இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபானைப் போட்டுக்கொண்டு படுத்தால் தேத்தண்ணி நேரம் வரைக்கும் அசையாத மனிதர், இன்றைக்கென்று எழும்பிவிட்டார். எங்கே நிற்கிறாய் என்று கேட்டார். மருந்துக் கடையில் நிற்கிறேன் என்றாள். சொல்லிக்கொண்டே, தலைக்கு மேலே இருந்த கொங்கிறீற்றை அண்ணாந்து பார்த்தாள். ஐந்து மாடிக்கு மேலே கட்டிலில் இருக்கிறவரின் கண் அதையெல்லாம் துளைத்துக்கொண்டு வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. வரும்போது இஞ்சி பிஸ்கற் வாங்கி வரச் சொல்லிவிட்டு அப்பா தொலைபேசியை வைத்துவிட்டார்.

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறது அந்த அடுக்குமாடிக் கட்டடம். அதன் நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில், சத்தமே இல்லாமல் போய்வருகிற புதுக் கார்களுக்கு நடுவே, அவளுடைய அப்பா நவரத்தினத்தின் ஹொண்டா மோட்டார் சைக்கிள் நின்றது. எழுபத்து மூன்றாம் ஆண்டில் வாங்கியது. குரோமியம் பூசிய இடமெல்லாம் இன்னும் முகம் பார்க்கலாம். பழைய மோட்டார் சைக்கிள் சேர்க்கிற பைத்தியங்கள் சிலர் எங்கேயோ கேள்விப்பட்டு வந்து விலை கேட்டார்கள். நவரத்தினம் அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, இரண்டு மணி நேரம் எஞ்சினைப் பற்றிக் கதைத்து, விற்கிற எண்ணமில்லை என்று சொல்லி அனுப்பிவைப்பார். அதற்கு மூன்று பூட்டுகள். எஞ்சினுக்கு ஒன்று, ஹாண்டிலைத் திருப்பிப் பூட்டுவதற்கு ஒன்று, பெற்றோல் தாங்கியின் மூடிக்கு ஒன்று. மூன்றாவது, பெற்றோலுக்கு நாடே வரிசையில் நின்ற வருடத்தில் களவுக்குப் பயந்து அவர் புதிதாகப் போடுவித்தது. அந்த வருடத்தில்தான் மருதானையிலிருந்து அலவி நானாவைக் கூப்பிட்டு, மூன்று பூட்டும் ஒரே திறப்புக்குத் திறக்கிற மாதிரிச் செய்வித்தார். மூன்று பூட்டுக்கு ஒரு திறப்பு என்று அப்போது கட்டடம் முழுக்கப் பெருமையடித்துத் திரிந்ததில், ஐந்தாம் மாடிக்காரரிடம் ஒரு ஹொண்டா இருக்கிறது என்று தெரியாதவர்களே இல்லாமல் போனார்கள்.

இப்போது அதே அலவி நானாவைத்தான் கௌரி களவாகக் கூப்பிட்டிருந்தாள். வந்தவுடனே அந்த மனிதர் ஐயா எங்கே என்று கேட்டார். படுத்திருக்கிறார் என்றாள். பழைய திறப்பு எங்கே என்று கேட்டார். தொலைந்துபோய்விட்டது, யாருடைய கையிலாவது அகப்பட்டிருக்கும் என்று பயமாக இருக்கிறது என்றாள். பொய் என்பது முறுக்குப் பிழிகிற மாதிரி, முதல் சுற்றுத்தான் கஷ்டம்.

அலவி நானா சாரத்தை மடித்துக்கொண்டு நிலத்தில் இருந்தார். உருளைக்குள் இருந்து சின்னச் சின்னப் பித்தளைத் தகடுகளை எடுத்துப் பழைய துணியொன்றில் வரிசையாக வைத்தார். அந்தத் தகடுகள் நிற்கிற ஒழுங்குதான் திறப்பின் பல். ஒழுங்கை மாற்றினால் பழைய திறப்பு உள்ளே போகும், ஆனால் திரும்பாது. எஞ்சின் பூட்டு ஒன்று போதுமா, மூன்றையும் மாற்றுவதா என்று கேட்டார். கௌரி யோசித்தாள். ஹாண்டில் பூட்டைத் திறக்க முடிந்தால் அப்பா மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டே ஹவ்லொக் வீதியிலுள்ள கராஜுக்குப் போய்விடுவார். தாங்கி திறந்தால் பெற்றோல் ஊற்ற ஆள் தேடுவார்.

“மூண்டையும் மாத்துங்கோ நானா,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “ஓனருக்குத் தெரியாம நாங்க பூட்டுல கை வெக்கிறல்ல மிஸ். ஐயாக்குத் தெரியுந்தானே?”

“ஓம், தெரியும்.”

அவ்வளவுதான். அவர் குனிந்து வேலையைத் தொடங்கினார். வேலை முடிந்து புதுத் திறப்பை அவள் கையில் வைத்தபோது, பழையது எப்போதாவது கிடைத்தால் கடலில் வீசிவிடச் சொன்னார். இல்லாவிட்டால் அதைப் போட்டுத் திருகித் திருகியே மனிதனுக்கு மண்டை காய்ந்துவிடும் என்று சிரித்தார். கௌரியும் சிரித்துவைத்தாள்.

இவ்வளவு கள்ளத்தனம் அவளுக்குப் பிறவிக் குணமல்ல. மாசி மாதத்தில் ஒருநாள், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், தெரியாத இலக்கத்திலிருந்து அழைப்பு வந்தது. சிங்களத்தில் கதைத்த ஓர் ஆண் குரல், “சீயா கெனெக் மெஹே இன்னவா மிஸ்,” என்றது. பேலியகொடை மீன் சந்தைக்கு முன்னால் ஒரு வயோதிபர் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறார், எங்கே போக வேண்டும் என்று அவருக்கே தெரியவில்லை, அவருடைய சட்டைப் பையிலிருந்த துண்டில் இந்த இலக்கம் இருந்தது என்றான் அந்த நல்ல பிள்ளை. அப்பா கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட்டவர். தன்னோடு டெலிகொம்மில் வேலை செய்து காலமான சிநேகிதரின் மனைவி பிறிஜெற்றைப் பார்க்க, நாற்பது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு போய்வந்த பாதை. அதில் கொட்டாஞ்சேனையைத் தாண்டி, ஆற்றையும் தாண்டிப் போய் நின்றிருக்கிறார்.

பாதை தவறியதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். அன்று பின்னேரம் மோட்டார் சைக்கிளைச் சுற்றிப் பார்த்தபோது, பின்பக்கக் கால்மிதியில் ஒரு நீல நாடா சிக்கியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தோளில் கொளுவுகிற தண்ணீர்ப் போத்தலின் நாடா. போத்தல் இல்லை. நாடா இழுபட்டு அறுந்திருந்தது. வழியில் எங்கேயும் முட்டினீங்களா, யாரும் விழுந்தார்களா என்று கேட்டதற்கு, அவர் முகத்தைச் சுளித்து, தான் மோட்டார் சைக்கிள் ஓடத் தொடங்கிய காலத்தில் அவள் பிறக்கவேயில்லை என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்பதுதான் பயமாக இருந்தது. அன்றிலிருந்து ஒரு கிழமையாக மூன்று மொழிப் பேப்பர்களிலும் விபத்துச் செய்தி தேடினாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் நடக்காமலேயே இருந்திருக்கலாம். யாரோ ஒரு பிள்ளையின் போத்தல் வீதியில் விழுந்து கிடந்திருக்கலாம். ஆனாலும் ஒழுங்கையில் பள்ளிக்கூட வான் நின்று பிள்ளைகள் இறங்குகிற சத்தம் கேட்டால் அவள் ஓடிப்போய் யன்னலால் எட்டிப் பார்ப்பாள். நாடாவை யாருக்கும் காட்டாமல் குப்பையில் போட்டாள். பொலிசுக்குப் போகிற துணிச்சல் அவளுக்கு வரவில்லை.

டொக்டர், இது மறதி நோயின் தொடக்கம்தான், ஆனால் இனி வாகனம் ஓடக் கூடாது என்றார். மறதி நோயில் ஒரே ஒரு வசதி, விருப்பமில்லாததை முதலில் மறந்துவிடலாம். நவரத்தினம் அதை லிஃப்ற்றில் இறங்கும்போதே மறந்துவிட்டார். லண்டனில் இருக்கிற தம்பி கிஷாந்த், வித்துப்போடு அக்கா என்றான். லண்டனில் இருந்துகொண்டு எதைத்தான் சொல்லக் கூடாது? திறப்பை ஒளித்துவைத்தாள்; சேட்டுப் பெட்டிக்குள்ளிருந்து இன்னொன்று முளைத்தது. அதையும் ஒளித்தாள், சுவாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மூன்றாவது வந்தது. எஞ்சினின் ஸ்பாக் பிளக்கைக் கழற்றுவித்தாள். அது அவருக்குத் தீபாவளி. முப்பது வருடம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சில் பழுது கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவருக்கு, காலை முழுக்க ஒரு பழுதைத் துரத்திப் பிடிக்கக் கிடைத்தால் வேறென்ன வேண்டும்? பாட்டுப் பாடிக்கொண்டு மேலே வந்தார். அவருக்குக் கை வராத ஒரே சாமான் பூட்டு. அதனால்தான் அலவி நானா.

அடுத்த நாள் காலை அவர் ஹெல்மெற்றையும் துடைக்கிற துணியையும் எடுத்துக்கொண்டு கீழே போனார். கௌரி குசினியில் வெங்காயத்தை வெட்டிக்கொண்டு, வரப்போகிற சண்டைக்குத் தயாரானாள். மேலே வந்து கத்துவார். பூட்டுப் பழுது, அலவியைக் கூப்பிடு என்பார். அலவி நானா மகளைப் பார்க்க டுபாய்க்குப் போய்விட்டார் என்று சொல்ல வேண்டும். வேறு ஆளைப் பிடி என்றால், இந்தக் காலத்தில் அந்தப் பழைய பூட்டுக்கு உள்சாமான் கிடையாது என்று சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பொய்யை நறுக்கி அடுக்கி வைத்திருந்தாள்.

நவரத்தினம் வெகுநேரம் கழித்து வந்தார். கத்தவில்லை. கையில் எண்ணெய் அழுக்கு. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார், திரும்பவும் கழுவினார், பிறகு மேசையில் வந்திருந்து தோசையைச் சாப்பிட்டார். இன்றைக்கு வெளியே போகவில்லையா என்று கௌரியே வாய் விட்டுக் கேட்டாள். வெயில் என்றார். வெயில் என்பதற்காக அவர் வாழ்நாளில் எங்கேயும் போகாமல் இருந்ததில்லை. ஆனால் அன்றைக்கு அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. அதை மறைத்துப் பிரயோசனமில்லை. இஞ்சி போட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு பயமில்லாமல் வேலைக்குப் போனாள்.

அந்த நிம்மதி ஒரு கிழமைகூட நிற்கவில்லை. ஒரு பின்னேரம் வேலையால் வந்தபோது வீட்டுக் கதவை உள்ளேயிருந்து யாரோ பூட்டுவதும் திறப்பதுமாகச் சத்தம் கேட்டது. அப்பா கதவுக்குப் பின்னால் நின்று திறப்பைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அலுமாரி, லாச்சி, பழைய சூட்கேஸ் எல்லாம் திறந்து கிடந்தன. கட்டிலில் வீட்டிலுள்ள அத்தனை திறப்பும் பரப்பியிருந்தது. கௌரி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

“இரு பிள்ளை, உன்னோடை ஒரு விஷயம் கதைக்கவேணும்,” என்றார். “மோட்டச்சைக்கிள் திறக்குதில்லை. எஞ்சின் பூட்டுத் திறக்குதில்லை. சரி, பழசு, தேஞ்சுபோச்செண்டு நினைச்சன். பிறகு பார்த்தால் ஹாண்டில் பூட்டும் திறக்குதில்லை, தாங்கியும் திறக்குதில்லை. ஒரு லைன் செத்தால் லைனிலை பழுது. மூண்டு லைனும் ஒண்டாச் செத்தால் ரோட்டைக் கிண்டக் கூடாது பிள்ளை. பழுது எக்ஸ்சேஞ்சிலை.”

சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தன்னுடைய நெற்றியை மெல்லத் தட்டிக் காட்டினார். ஒரு மாணவன் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு விடையைக் காட்டுகிற மாதிரி, கொஞ்சம் பெருமையும் அதில் இருந்தது. பிறகு கையிலிருந்த திறப்பைப் பார்த்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார்.

அந்த இடத்தில் அவள் சொல்லியிருக்க வேண்டும். அப்பா, நான்தான் மாற்றினேன் என்று மூன்று சொல். சொன்னால் புதுத் திறப்பைத் தா என்பார். தந்தால் ஓடுவார். ஓடினால், அந்த நீல நாடா. ஒரு பூட்டை மட்டும் மாற்றியிருந்தால் மனிதர் பூட்டைத் திட்டிவிட்டு இருந்திருப்பார். அவள் கெட்டித்தனமாக மூன்றையும் மாற்றினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காக முடிந்த கதைதான். “வயசு போனால் எல்லாருக்கும் வாறதுதான் அப்பா,” என்று சொல்லி அவருடைய முதுகைத் தடவினாள். தான் சொன்ன அத்தனை பொய்களிலும் அதுதான் கொடியது என்று அவளுக்கு அப்போதே தெரிந்தது.

அதன் பிறகு நவரத்தினம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினார். எதிர்வீட்டு ஷபீகாவின் குரல் கேட்டால் அறைக்குள் போய் ஒளித்துக்கொண்டார். பேர் வராமல் போய்விடுமோ என்று பயம். அந்தப் பெண் மனம் நொந்து, நான் ஐயாவுக்கு ஏதும் பிழை செய்தேனா என்று கௌரியிடம் கேட்டாள். பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவதை விட்டார். காஸ் அடுப்பைத் தொடுவதில்லை. அவள் வேலைக்குப் போனால் வரும்வரை கதவுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். குளிக்கும்போது குளியலறைக் கதவைச் சாத்தவும் பயந்தார். இவற்றில் எது நோய், எது பூட்டு என்று கௌரிக்குப் பிரித்தறிய முடியவில்லை. டொக்டர் தொடக்கம் என்று சொன்ன நோய்க்கு இவ்வளவு வேகம் இல்லை என்று மட்டும் தெரிந்தது. முன்பு அப்பா வெளியே போனால் பயந்தாள். இப்போது வேலையால் வந்து வீட்டுக் கதவைத் திறக்கப் பயந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் தன்னுடைய திறப்புக் கோவையை அப்படியே கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். வீட்டுத் திறப்பு, அலுமாரித் திறப்பு, செத்துப்போன ஹொண்டாத் திறப்பு, எல்லாம் அதில் இருந்தன.

“நீயே வைச்சிரு. எனக்கு இனி இது வேண்டாம். ஹோமுக்கு மட்டும் அனுப்பிப்போடாதை பிள்ளை. ஒரு மூலையிலை சத்தம் போடாமல் இருந்துகொள்ளுவன்.”

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. கைப்பையிலிருந்து புதுத் திறப்பை எடுத்து, அவருடைய கையைப் பிடித்து எழுப்பி, லிஃப்ற்றில் ஏற்றிக் கீழே கூட்டிக்கொண்டு போனாள். எங்கே போகிறோம் என்றுகூட அவர் கேட்கவில்லை. தரிப்பிடத்துக்கு வந்ததும், கடிக்கிற நாயைக் கண்டவர் மாதிரி மோட்டார் சைக்கிளிலிருந்து விலகித் தூணோரம் நின்றார். குரோமியத்தில் தூசு படிந்திருந்தது. அவள் ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள்.

“அப்பா, பூட்டை மாத்தினது நான். அலவி நானாவைக் கூப்பிட்டு மூண்டையும் மாத்தினனான். நீங்கள் ஓடக் கூடாதெண்டு பயத்திலை செய்தனான். உங்கடை திறப்பு இதுக்குச் சரிவராது. உங்களிலை ஒரு பிழையும் இல்லை.”

அடிப்பார் என்று நினைத்தாள். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தாள். அவர் கையை நீட்டினார். திறப்பை வாங்கி ஹாண்டில் பூட்டில் போட்டார். திரும்பியது. தாங்கியில் போட்டார். மூடி திறந்து பெற்றோல் மணம் வந்தது; திரும்பவும் பூட்டினார். எஞ்சின் பூட்டில் போட்டுத் திருப்பியதும் சின்னப் பச்சை வெளிச்சம் எரிந்தது. அவருடைய முகத்தில் இரத்தம் ஊறி வருவதை அவள் கண்ணால் பார்த்தாள். கூன் நிமிர்ந்தது. காலைத் தூக்கிப்போட்டு ஏறி இருந்தார். அவருக்குக் கோபமே வரவில்லை. அழுகையா சிரிப்பா என்று தெரியாமல் அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது அவர் திரும்பி, மிகவும் அன்பாக, ஒரு களவைக் கண்டுபிடித்துவிட்ட சிறுபிள்ளையின் குரலில் கேட்டார்.

“அப்ப மற்றதுகளும் நீ செய்ததுதானே?”

கௌரிக்கு விளங்கவில்லை.

“பேலியகொடையிலை போய் நிண்டது. ஷபீகாவின்ரை பேர் வராமல் போனது. அம்மான்ரை படத்துக்குப் பூ வைக்கேக்கை, இது ஆரெண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டனான். உனக்குச் சொல்லேல்லை. அதுகளும் நீதானே பிள்ளை, நான் ஓடக் கூடாதெண்டு ஏதோ செய்துபோட்டாய்? சொல்லு. எனக்குக் கோவமில்லை.”

அம்மாவின் படத்தைப் பற்றி அவளுக்கு இதுவரை தெரியாது. பேரைப் பூட்டுகிற பூட்டு உண்டா? படத்திலிருந்து ஆளை எடுத்துவிடுகிற ஆசாரி மருதானையில் இருக்கிறானா? ஓம் என்றால் அவர் நம்புவார். எதையும் நம்பத் தயாராக அந்தக் கண்கள் பளபளத்துக்கொண்டிருந்தன. ஓம் என்று சொன்ன நிமிஷத்திலேயே இந்த மனிதர் மேலே வந்து ஷபீகாவோடு கதைப்பார், குறுக்கெழுத்துப் போடுவார், காஸைப் பற்றவைப்பார். ஓம் என்று சொன்ன நிமிஷத்திலேயே இந்தச் சரிவில் ஏறி, பஸ்கள் பறக்கிற காலி வீதிக்கும் போவார். இல்லை என்றால் இறங்கிவிடுவார். இனி ஒருநாளும் ஏற மாட்டார், எதிலும்.

அவர் காலால் ஓங்கி ஓர் உதை உதைத்தார். இவ்வளவு நாள் கிடந்த எஞ்சின் முனகாமல் பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் தூணெல்லாம் மோதித் திரும்பி வந்தது. நீலப் புகை கிளம்பியது. பழைய சத்தத்தை அடையாளம் கண்ட காவலாளி, மேலே நின்றபடியே கையை அசைத்துவிட்டு இரும்புக் கதவை இழுத்துத் திறந்தான். சரிவின் உச்சியில் சதுரமாக வெயில் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை ரியூஷன் விட்டிருந்தது. முதுகில் பையோடு பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக அந்த வெயிலைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

அவள் ஓடிப்போய் கிளச்சில் இருந்த அவருடைய இடது கையின் மேல் தன் கையை வைத்து அழுத்திக்கொண்டாள். நவரத்தினம் கையை உதறவில்லை, கிளச்சை விடவும் இல்லை. சத்தத்தில் கேட்காது என்பதால் ஒரு காதை அவளுடைய வாய்க்குக் கிட்டக் கொண்டுவந்து, கண்ணை மூடிக்கொண்டு, பதிலுக்காகக் காத்திருந்தார்.